நியாய விலை

'நியாய விலை' என்னும் சொற்களை நம் மக்கள் அன்றாடம் காண்பது பங்கீட்டுக் கடையின் பெயர்ப்பலகையில்தான். மற்றக் கடைகளில் நிலவுவது பேசி முடிக்கும் விலை. சொல்லும் விலை ஒன்று, கேட்கும் விலை ஒன்று, படியும் விலை ஒன்று என்று மூன்று விலைகள் இருப்பதை நாம் சிறுவயதிலேயே அறிந்துகொண்டோம். நம் அன்னையார் வெள்ளிக்கிழமைச் சந்தைக்குச் செல்லும்போது பையைத் தூக்கிக்கொண்டு உடன் செல்வது நம் வேலை. கத்தரிக்காய்க்கு விலை பேசுவார். தேங்காயைத் தட்டிப் பார்த்து விலை பேசுவார். எல்லாம் முடிந்தபின் கொசுறாக ஒரு கொத்துக் கறிவேப்பிலையும் கேட்டு வாங்குவார். கடைக்காரர்களும் அதை எதிர்பார்த்தே விலை சொல்வார்கள்.

ஆனால் அதே அன்னையார், காலையில் கூடை சுமந்து வாசலுக்கு வரும் கீரைக்காரியிடம் ஒருநாளும் விலை பேசியதில்லை. காரணம் கேட்டபோது அவர் சொன்னது இன்னும் நினைவில் இருக்கிறது: "கடை போட்டிருப்பவனிடம் பேசலாம். கூடை சுமப்பவளிடம் பேசக்கூடாது. அவள் குறைத்துக் கொடுத்தால், அது அவள் வீட்டு உலையில் குறையும்."

குருமடத்தில் நாம் பயின்ற அறநெறி இறையியல் நூல்களுக்கெல்லாம் முந்திய பாடம் இது. ஐம்பது வயதைக் கடந்தபின், ஒரு கார் விற்பனையகத்தின் குளிரூட்டப்பட்ட கூடத்தில், இந்தப் பாடத்தை நாம் மறந்துபோனோம். அந்தக் கதையை மறைக்காமல் எழுதவே இந்தக் கட்டுரை.

கடந்த 2025ஆம் ஆண்டு டிசம்பர் முதல் வாரத்தில், நம் பங்கைச் சேர்ந்த ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் ஒருவர் பங்கு இல்லத்துக்கு வந்தார். அவருடைய துணைவியாருக்குச் சிறுநீரகங்கள் செயலிழந்து ஈராண்டாகிறது. வாரத்துக்கு மூன்று முறை, முறைக்கு நான்கு மணி நேரம் இரத்தச் சுத்திகரிப்புச் செய்ய வேண்டும். மருத்துவமனையோ 38 கிலோமீட்டர் தொலைவில் மாவட்டத் தலைநகரில். சிகிச்சை முடிந்து தளர்ந்து வரும் உடலைப் பேருந்தில் ஏற்ற முடியாது. வாடகைக் காருக்கு முறைக்கு 1,500 ரூபாய். மாதம் பன்னிரண்டு, பதின்மூன்று முறை என்றால் ஓய்வூதியத்தில் எவ்வளவு மிஞ்சும் என்பதை வாசகர்களே கணக்கிட்டுக்கொள்ளலாம்.

"சாமி, ஒரு சின்னக் கார் வாங்கிவிடலாம் என்று இருக்கிறேன். எனக்கு ஓட்டத் தெரியும். வங்கியில் இருப்பதும் மகன் அனுப்பியதும் சேர்த்து 7,40,000 ரூபாய் தேறும். அதற்குமேல் ஒரு ரூபாய் போனாலும் அவளுடைய வளையலைத்தான் அடகு வைக்கவேண்டும். எனக்கு விலை பேசத் தெரியாது. நீங்கள் உடன் வரவேண்டும்" என்றார்.

நாம் மகிழ்ச்சியோடு இசைந்தோம். மறுநாள் வெள்ளை அங்கி அணிந்தே புறப்பட்டோம். வெளியூர் வேலைகளுக்கு வேட்டி சட்டையில் செல்வதே நம் வழக்கம். அன்று அங்கியை அணிந்ததில் உள்நோக்கம் இருந்தது. அங்கியைக் கண்டால் விலை சற்று இறங்கும் என்று எண்ணினோம்.

விற்பனையகத்தில் எம்மை வரவேற்றவர் இருபத்தைந்து, இருபத்தாறு வயது மதிக்கத்தக்க ஓர் இளைஞர். கழுத்துப்பட்டை, மெருகேறிய காலணி, கனிந்த பேச்சு. "எதற்காக சார் கார் வாங்குகிறீர்கள்?" என்று கேட்டார். கேட்டவருக்கு உண்மையைச் சொல்வதே தலைமையாசிரியரின் இயல்பு. மனைவியின் நோயையும், வாடகைக் காரின் செலவையும், கிறிஸ்து பிறப்புக்குள் கார் வந்துவிட்டால் நல்லது என்பதையும் ஒன்றுவிடாமல் சொல்லிவிட்டார். அந்த இளைஞர் கண்ணாடி அறைக்குள் இருந்த மேலாளரிடம் சென்று திரும்பினார். "உடனே வேண்டுமென்றால், துணைப்பொருள்கள் எல்லாம் பொருத்திய வண்டி ஒன்றுதான் கையிருப்பில் இருக்கிறது, சார்" என்று ஒரு தாளை நீட்டினார். அடியில் இருந்த ஆன்-ரோடு விலை 7,87,000 ரூபாய்.

தலைமையாசிரியர் முகம் வாடியது. அன்று ஒன்றும் பேசாமல் தாளை மட்டும் வாங்கிக்கொண்டு திரும்பினோம். நாம் அன்று செய்த நல்ல காரியம் அது ஒன்றுதான். விற்பனையகத்தில் அமர்ந்திருக்கும்வரை கண்ணுக்குத் தெரிவது காரும் அதன் மொத்த விலையும் மட்டுமே. வீட்டில் மேசைமேல் தாளை விரித்தால்தான் அந்த மொத்தம் எவற்றின் கூட்டுத்தொகை என்பது புலப்படும்.

அன்றிரவு, காப்பீட்டு முகவர் ஒருவரிடம் பணிபுரியும் பங்கு இளைஞர் ஒருவரை வரவழைத்து, வரிவரியாகப் படித்தோம்.

முதல் வரி எக்ஸ்-ஷோரூம் விலை 6,20,000. ஜி.எஸ்.டி. இதனுள் அடக்கம். 1,200 சி.சி.க்கு மேற்படாத பெட்ரோல் எஞ்சினும் நான்கு மீட்டருக்கு மேற்படாத நீளமும் உள்ள சிறு கார்களுக்கு அந்த வரி 28 விழுக்காட்டிலிருந்து 18 விழுக்காடாக 2025 செப்டம்பர் 22 அன்று குறைக்கப்பட்டிருந்தது. இரண்டாவது வரி சாலை வரி. தமிழ்நாட்டில் 2023 நவம்பரில் திருத்தப்பட்ட விகிதப்படி, ஐந்து இலட்சத்துக்கு மேல் பத்து இலட்சம் வரையுள்ள கார்களுக்கு 13 விழுக்காடு, அதாவது 80,600. இந்த இரண்டு வரிகளும் அரசுக்குச் சேர்பவை. இவற்றில் பேசுவதற்கு ஒன்றுமில்லை. பதிவுக் கட்டணமும் ஃபாஸ்டேக்கும் சேர்த்து 2,600 என்பதையும் அப்படியே விட்டுவிட்டோம்.

அடுத்தது காப்பீடு 41,000. இங்குதான் இளைஞர் பென்சிலை எடுத்தார். 2018 செப்டம்பர் முதல் புதிய கார்களுக்கு மூன்றாண்டுக்கான மூன்றாம் நபர் காப்பீட்டை ஒருங்கே எடுத்தாக வேண்டும். அந்தக் கட்டணம் எல்லா நிறுவனங்களுக்கும் ஒன்றே. 1,000 முதல் 1,500 சி.சி. வரையுள்ள காருக்கு 2022இல் அறிவிக்கப்பட்ட தொகை, வரி நீங்கலாக, 10,640 ரூபாய். மீதமுள்ள பகுதி, நம் காருக்கு நேரும் சேதத்துக்கான காப்பீடு. அதில் நிறுவனத்துக்கு நிறுவனம் கட்டணம் மாறும். எந்த நிறுவனத்தில் எடுப்பது என்பது வாங்குபவரின் உரிமை. விற்பனையகம் காட்டும் நிறுவனத்தில்தான் எடுக்கவேண்டும் என்ற கட்டாயம் இல்லை. காரின் காப்பீட்டு மதிப்பும் பிற பாதுகாப்புகளும் இரண்டு தாள்களிலும் ஒன்றாக இருக்கின்றனவா என்று பார்த்து ஒப்பிடவேண்டும் என்றார் அவர். அப்படி ஒப்பிட்டதில் அதே காப்பீடு வெளியில் 31,000 ரூபாய்க்குக் கிடைத்தது.

பின்னர் வந்தவை: நீட்டித்த உத்தரவாதம் 14,500, துணைப்பொருள்கள் 19,800, கையாளும் கட்டணம் 8,500. கையாளுதல் என்றால் என்ன? காரைக் கிடங்கிலிருந்து கொண்டுவந்து துடைத்து நிறுத்துவதாம். விற்கும் பொருளைக் கடைக்குக் கொண்டுவருவது விற்பவரின் வேலையன்றோ? துணைப்பொருள் பட்டியலில் இருக்கை உறை, அலங்காரப் பட்டை, நறுமணப் புட்டி என்று பதினான்கு பொருள்கள். தலைமையாசிரியருக்கு வேண்டியிருந்தவை தரைவிரிப்பும் சேறுதடுப்பும் மட்டுமே. அவற்றின் விலை 3,300.

இரண்டு நாள் கழித்து, வேறொரு நகரில் அதே காரை விற்கும் மற்றொரு விற்பனையகத்துக்கும் சென்றோம். அங்கே சனவரி நடுவில்தான் கார் கிடைக்கும் என்றார்கள். ஆனால் ஒரு செய்தி கிடைத்தது. ஆண்டிறுதிக் கையிருப்புக்கு உற்பத்தி நிறுவனமே 15,000 ரூபாய் தள்ளுபடி அறிவித்திருந்தது. டிசம்பர் முடிந்தால் அந்தக் கார்கள் கடந்த ஆண்டில் தயாரானவை ஆகிவிடும். மறுவிற்பனையில் ஓராண்டு மதிப்புக் குறையும். எனவேதான் அந்தத் தள்ளுபடி. முதல் இடத்தில் இதைப்பற்றி எவரும் வாய் திறக்கவில்லை, நாமும் கேட்கவில்லை.

புனித தோமா அக்குவினார் தம் 'இறையியல் தொகுப்பு' நூலில் வாங்குதலையும் விற்றலையும் பற்றித் தனியே ஆராய்ந்திருக்கிறார். பதின்மூன்றாம் நூற்றாண்டுத் துறவி ஒருவருக்குச் சந்தையில் என்ன வேலை என்று குருமட நாட்களில் நாம் வியந்ததுண்டு. அவர் அங்கே ஒரு நுட்பமான வேறுபாட்டைக் காட்டுகிறார். ஒரு பொருளைப் பிரிவதால் விற்பவருக்கு இழப்பு நேருமானால், அந்த இழப்பை விலையில் சேர்க்கலாம். ஆனால் வாங்குபவருக்கு அப்பொருள் மிகவும் தேவை என்பதற்காக விலையை ஏற்றக்கூடாது. ஏனெனில் அந்தத் தேவை விற்பவருடையது அன்று. தமக்குச் சொந்தமில்லாத ஒன்றை அவர் எப்படி விற்க முடியும்?

அன்று மேசைமேல் கிடந்த தாளில் விற்கப்பட்டது எது என்பது அப்போதுதான் நமக்கு விளங்கியது. நறுமணப் புட்டிக்கும் அலங்காரப் பட்டைக்கும் இடையில், ஒரு நோயாளியின் அவசரம் விலைபோட்டு வைக்கப்பட்டிருந்தது. அதைக் கொடுக்க மறுப்பது கஞ்சத்தனம் அன்று, நீதி. திருவள்ளுவரும் வாணிகத்தைப் பற்றிய தம் குறளை நடுவுநிலைமை அதிகாரத்தில் வைத்தது காரணமின்றி இருக்காது. விலை பேசுவதைக் கூச்சமாகக் கருதும் நம் மக்கள் பலருக்கு இதைச் சொல்லவேண்டும் என்று தோன்றியது. கணக்கைக் கேளுங்கள், ஒவ்வொரு வரிக்கும் பொருள் கேளுங்கள், வேண்டாததை வேண்டாம் என்று சொல்லுங்கள். இதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

இந்த உறுதியோடு மீண்டும் முதல் விற்பனையகத்துக்குச் சென்றோம். காரைக் காட்டச் சொன்னோம். உற்பத்தியாளர் தரும் படிவம் 22இல் தயாரான மாதமும் ஆண்டும் இருக்கும் என்று இளைஞர் சொல்லியிருந்தார். பார்த்தோம், 2025 அக்டோபர் என்று இருந்தது. பிறகு அமர்ந்தோம். கையாளும் கட்டணத்துக்கு விளக்கம் கேட்டோம். சிறிது வாதத்துக்குப்பின் அது நீங்கியது. துணைப்பொருள்களில் இரண்டைத் தவிர மற்றவை நீங்கின; 16,500 குறைந்தது. வெளியில் வாங்கிய காப்பீட்டு மதிப்பீட்டைக் காட்டினோம். அதே தொகைக்குத் தாங்களே தருவதாகச் சொல்லி 10,000 குறைத்தார்கள். ஆண்டிறுதித் தள்ளுபடியைக் குறிப்பிட்டோம், 15,000 குறைந்தது. உத்தரவாதத்தை மட்டும் தலைமையாசிரியர் விரும்பியே வைத்துக்கொண்டார். அந்த விற்பனை இளைஞர் எம் மேசைக்கும் கண்ணாடி அறைக்கும் இடையே ஏழெட்டு முறை நடந்திருப்பார். முடிவில் தாளில் எழுதப்பட்ட தொகை 7,37,000.

தலைமையாசிரியர் நம் கையைப் பற்றினார். வளையல் தப்பியது. நாம் அத்தோடு எழுந்திருக்கவேண்டும்.

எழவில்லை. இத்தனை வென்ற நமக்கு, கொசுறு கேட்காமல் எழுவது குறையாகத் தோன்றியது. அங்கியைச் சரிசெய்துகொண்டு, "தம்பி, நோயாளிக்காக வாங்கும் கார். ஒரு குருவானவர் வந்து கேட்கிறோம். இன்னும் 5,000 குறைத்தால் இப்போதே முன்பணம் தருகிறோம், இல்லையென்றால் சனவரி வரை காத்திருந்து மற்ற இடத்தில் வாங்கிக்கொள்கிறோம்" என்றோம். அது உண்மையன்று. சனவரி வரை காத்திருக்கும் எண்ணம் எமக்கு இல்லை. அந்த இளைஞர் ஒரு கணம் நின்றார். உள்ளே சென்றார். திரும்பி வந்து, "சரி, ஃபாதர்" என்றார். விலை 7,32,000 ஆயிற்று.

அந்த வாரம் மறைவட்டக் குருக்களின் கூட்டத்தில், 55,000 ரூபாய் குறைத்த கதையை நாம் பெருமையோடு சொன்னோம். எல்லாரும் பாராட்டினார்கள்.

கிறிஸ்து பிறப்புக்கு மூன்று நாள் முன்னதாகக் கார் தயாரானது. தலைமையாசிரியர் உள்ளே கையெழுத்திட்டுக்கொண்டிருக்க, நாம் எதிரேயிருந்த தேநீர்க் கடைக்குச் சென்றோம். அந்த இளைஞர் அங்கே நின்றிருந்தார். கழுத்துப்பட்டையைத் தளர்த்தியிருந்தார். அப்போதுதான் அவர் சட்டைக் கழுத்தின் ஓரம் நைந்திருந்ததைக் கண்டோம். பேச்சுவாக்கில், "மேலாளர் நல்லவர், கடைசியில் 5,000 குறைத்துவிட்டாரே" என்றோம்.

அவர் சிரித்தார். "அது அவர் கொடுத்ததில்லை, ஃபாதர். என் ஊக்கத்தொகையில் கழித்தார்கள். அந்த மாத இலக்குக்கு ஒரு வண்டி குறைவாக இருந்தது. உங்கள் வண்டி என் கணக்கில் சேரவேண்டுமானால் அந்த 5,000த்தை நீயே ஏற்றுக்கொள் என்று சொல்லிவிட்டார். பரவாயில்லை ஃபாதர், வண்டி கணக்கில் சேர்ந்துவிட்டது." அவருடைய நிலையான மாதச் சம்பளம் 14,000 ரூபாய் என்பதையும் கேட்டறிந்தோம். குறையாக அவர் எதையும் சொல்லவில்லை. தேநீருக்கு அவரே காசு கொடுக்க முற்பட்டார்.

நம் அன்னையாரின் குரல் அப்போது கேட்டது. கடை போட்டிருந்தவர் கண்ணாடி அறைக்குள் இருந்தார். ஏழெட்டு முறை எம்முன் நடந்தவர் கூடை சுமந்தவர். கழுத்துப்பட்டை கட்டியிருந்ததால் நாம் அவரை அடையாளம் காணவில்லை.

அக்குவினார் மற்றொன்றும் சொல்லியிருக்கிறார். நியாய விலை என்பது ஊசிமுனை போல் ஒரே புள்ளி அன்று. அது ஒரு மதிப்பீடு. சிறிது ஏறினாலும் சிறிது இறங்கினாலும் நீதி கெட்டுவிடாது. இதைக் காட்டி நம்மை நாமே தேற்றிக்கொள்ள முயன்றோம். ஏழு இலட்சத்தில் 5,000 என்ன பெரிய தொகை? நூற்றுக்கு ஒன்றுகூட இல்லையே! ஆனால் அந்த 5,000 ஏழு இலட்சத்திலிருந்து குறையவில்லை. பதினாலாயிரத்துக்கு அருகிலிருந்து குறைந்தது. காரோடு ஒப்பிட்டால் தூசு. அவர் சம்பளத்தோடு ஒப்பிட்டால் மூன்றில் ஒரு பங்குக்கும் மேல். தொகை ஒன்றுதான், அது யாரிடமிருந்து இறங்குகிறது என்பதைப் பொறுத்து அதன் எடை மாறுகிறது.

தலைமையாசிரியரின் தேவையை விற்பனையகம் விலைபேசியபோது நாம் சினந்தோம். அந்த இளைஞரின் தேவையை நாம் விலைபேசியபோது நமக்குச் சினம் வரவில்லை; பெருமை வந்தது. தேவைக்கு அஞ்சி ஒரு தொழிலாளி இசைந்தால் அந்த இசைவு நீதியாகிவிடாது என்று திருத்தந்தை பதின்மூன்றாம் சிங்கராயர் 1891இல் தம் சுற்றுமடலில் கற்பித்ததை எத்தனை மே தின மறையுரைகளில் நாமே எடுத்துச் சொல்லியிருக்கிறோம்! "சரி, ஃபாதர்" என்ற அந்த இசைவும் அத்தகையதே.

பிறருடையதை எடுத்தவர் திருப்பித் தரவேண்டும். பாவசங்கீர்த்தனத் தொட்டியில் அமர்ந்து பிறருக்கு இதை எளிதாகச் சொல்லிவிடுகிறோம். நாம் மேலாளரிடம் சென்று பேசினோம். கணக்கு முடிந்துவிட்டது என்றார். எனவே நம் பணத்திலிருந்து கொடுப்பதென்று முடிவு செய்து தலைமையாசிரியரிடம் சொன்னோம். அவர் கார்ச் சாவியைக் கையில் வைத்தபடி சிறிது நேரம் பேசாதிருந்தார். "கேட்டது நீங்கள், சாமி, ஆனால் குறைந்தது என் காருக்கு. பாதி என்னுடையது" என்றார். நாம் மறுத்தும் கேட்கவில்லை.

இளைஞர் வாங்க மறுத்தார். "தருமமாக வேண்டாம், ஃபாதர்" என்றார். நமக்கு மறுமொழி தோன்றவில்லை. தலைமையாசிரியர்தாம், வகுப்பறைக் குரலில், "தருமம் இல்லை தம்பி. விலையில் பாக்கி" என்றார். அதன்பின் அவர் வாங்கிக்கொண்டார். பாக்கியை வாங்குபவர் எண்ணிப் பார்ப்பதுபோல் எண்ணியும் பார்த்தார். பிறகு பையிலிருந்து தம் முகவரி அட்டைகள் இரண்டை எடுத்து நீட்டி, "உங்கள் ஊரில் யாராவது கார் வாங்கினால் சொல்லுங்கள், ஃபாதர்" என்றார்.

இப்போது செவ்வாய், வியாழன், சனிக்கிழமைகளில் விடியலில் அந்தக் கார் கோயிலைக் கடந்து செல்லும் ஓசை கேட்கிறது. அட்டைகளில் ஒன்றை ஒரு குடும்பத்தாருக்குக் கொடுத்துவிட்டோம். கணக்கை வரிவரியாகக் கேட்கவேண்டும் என்று அவர்களுக்குச் சொன்னோம். மேலாளரிடம் அஞ்சாமல் பேசுங்கள் என்றும் சொன்னோம். கடைசியாக ஒரு கொசுறு கேட்கத் தோன்றினால், அது யார் கூடையிலிருந்து வருகிறது என்று முதலில் கேட்டுக்கொள்ளுங்கள் என்றோம். மற்றோர் அட்டை நம் திருப்புகழ்மாலைப் புத்தகத்துக்குள் இருக்கிறது. அது நமக்காக.